மாமனாருக்குப் போட்ட விசா

விண்ணப்பம் வெற்றிபெறவில்லை என்று வந்திருந்தது. மறுத்துவிட்டோம் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. என் மாமனார் ஏதோ ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்ததுபோல ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. காரணம் சொல்வது விசா கொடுக்கும் அலுவலகத்துக்கு வழக்கமில்லை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக் கடை முன்னால் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கையில் முருங்கைக்கீரைக் கட்டு, இன்னொரு கையில் கைப்பேசி. நகரச் சொல்லிப் பின்னாலிருந்தவர்கள் இடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து உணவுக்கடைப் பகுதியில் என் மனைவி மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வடை சுடும் வாசனையையாவது பிடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் என்னோடு கிளம்பியிருந்தாள். ஒரு வடையைத் தின்று முடிக்கும் நிலையில் அவள் இல்லை. கணையத்தில் கேன்சர். கண்டுபிடித்தபோதே ஈரலுக்கும் போயிருந்தது. மருத்துவர் நல்ல மனிதர், வருடக் கணக்கில் பேசாமல் மாதக் கணக்கில் பேசினார்.

எதிரில் போய் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"கெடைக்கலையா?"

"கெடைக்கல லா," என்றேன். அவள் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, கீரை எவ்வளவு என்று கேட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவளுடைய அப்பா ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அவள் எழுந்து உட்கார முடிகிற காலத்திலேயே வர வேண்டும். அவள் மன்னார்குடிப் பக்கம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அடுக்குமாடி வீடுகளின் லிப்ட் பராமரிப்பில் வேலை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் மாமனார் ஒரு தடவைகூடச் சிங்கப்பூருக்கு வந்ததில்லை. ஊரிலிருந்து பெண்ணைப் பெற்றவர்கள் இங்கே வருவது பெரும்பாலும் பிரசவத்துக்கு. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. காரணம் இல்லாமல் மருமகன் வீட்டில் போய் எப்படி உட்காருவது என்பது அவர் கட்சி. நாங்கள்தான் வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இனி அவளால் விமானத்தில் போக முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

உடம்பு சரியில்லை என்பதுதான் காரணம், அதை அவரிடம் சொன்னால் போதுமே என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டேன். என் மனைவி கண்டிப்பாகக் கூடாது என்றாள். அவள் ஒரே பெண். அம்மா இறந்தபின் அப்பா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். இந்தச் செய்தியைப் போனில் கேட்டுவிட்டு, ராத்திரி அந்த வீட்டில் அவர் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது. "நேர்ல வரட்டும். நான் பக்கத்துல இருந்து சொல்லிக்கிறேன்," என்றாள். என்னிடம் சத்தியம் மட்டும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பின்னால் எனக்குச் சங்கடமாகியிருக்கும்.

ஆகவே அவருக்கு ஒரு பொய்க் காரணம் தேடினோம். எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கில் அந்தச் சமயம் அரசு மேம்பாட்டு வேலை நடந்து வாசல் கதவையும் கழிப்பறையையும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். வீட்டையே புதுப்பித்துவிட்டோம், பால் காய்ச்சுகிறோம், பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று அவள் போனில் அடித்துவிட்டாள். கழிப்பறை மாற்றியதற்குப் பால் காய்ச்சிய குடும்பம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். அவர் நம்பினார். தேதி மட்டும் ஆடியில் வரக் கூடாது என்றார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. என் மாமனார் அரசுப் பேருந்துகளில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டார். விசாத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதோடு நாங்கள் என்னென்ன இணைக்கிறோமோ எல்லாவற்றுக்கும் நகல் கேட்டார். ஆங்கிலத்தைக் கடைத்தெருவில் ஒரு டிராவல்ஸ் ஆளிடம் படித்துக் காட்டச் சொல்லி வரிவரியாகக் கேட்டார். அப்படிப்பட்டவரிடம் போகும் தாள்களோடு மருத்துவமனைக் கடிதத்தை எப்படி வைப்பது? வைக்கவில்லை. குடும்பத்தைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். எழுபது தாண்டிய, மனைவியை இழந்த, ஒரு முறைகூட வெளிநாடு போகாத ஒரு மனிதர், இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன் வருகிறார் என்று அந்தத் தாளைப் பார்த்த யாருக்கும் புரிந்திருக்காது.

மறுப்பு வந்ததும் காரணம் சொல்ல ஊரே வந்துவிட்டது. புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றான் என்னோடு வேலை பார்ப்பவன். மனைவி இல்லாதவர் திரும்பிப் போக மாட்டார் என்று நினைத்திருப்பார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். கீழ்வீட்டு அம்மா, ராகுகாலத்தில் அனுப்பினீர்களா என்று விசாரித்தார். யாரைக் குறை சொல்வது? லிப்ட் நின்றுபோனால் அதன் பலகையில் ஒரு எண் வரும். கதவா, கயிறா, மோட்டாரா என்று அந்த எண் சொல்லிவிடும். அந்தப் பழக்கத்திலேயே இருபது வருடம் இருந்தவன் நான். பழுது எங்கே என்று சொல்லாமல் நிற்கிற ஒரு பொருளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சாமான்களைப் போட்டு உடைக்காததுதான் குறை.

மாமனார் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலைக்காலம் முழுக்க டிக்கெட் இல்லாதவர்களை நடுவழியில் இறக்கிவிட்ட மனிதர் அவர், தன்னை ஒருவர் ஏறாதே என்று சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. என்னை வேண்டாம் என்று சொன்ன ஊருக்கு நான் எதற்கு வர வேண்டும், பாலை நீங்களே காய்ச்சிக் குடியுங்கள் என்றார். இரண்டாம் முறை கையெழுத்துப் போட முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அவர் குரலில் இன்னொன்றும் இருந்தது. மருமகன் மனசு வைத்துச் செய்திருந்தால் கிடைத்திருக்கும் என்கிற எண்ணம். அவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்டது.

என் மனைவி முதலில் சிரித்தாள். அப்பாவின் கோபம் அவளுக்கு எப்போதுமே வேடிக்கை. சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. அந்த மாதத்தில் அவள் எடை இறங்கிய வேகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அவர் ரோஷம் தணியக் காத்திருக்க முடியவில்லை.

புக்கிட் மேராவில் ஒரு பழைய புளோக்கின் மொட்டை மாடி மோட்டார் அறையில் இருந்துதான் அவரைக் கூப்பிட்டேன். இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்ததால் அந்த இடம் அமைதியாக இருந்தது. சாப்பிட்டீர்களா என்று தொடங்கி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். என்ன நோய், எவ்வளவு பரவியிருக்கிறது, மருத்துவர் என்ன சொன்னார் எல்லாம்.

"பால் காய்ச்சுறதுன்னது?" என்றார்.

"சும்மா சொன்னது மாமா."

"சரி. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட்டு அனுப்பறேன். எனக்குத் தெரியும்ங்கறது பாப்பாவுக்குத் தெரிய வேணாம்."

அன்று மாலையே கையெழுத்து வந்தது. இந்த முறை நகல் எதுவும் கேட்கவில்லை. நான் மருத்துவமனைக் கடிதத்தைச் சேர்த்து இரண்டாம் முறையாக அனுப்பினேன்.

அவர் எனக்குப் போட்ட நிபந்தனை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. ஞாயிறுதோறும் காணொளியில் அப்பாவும் மகளும் பேசுவார்கள். பேசுவார்கள் என்று சொல்வது மரியாதைக்கு, அவர் திட்டுவார், இவள் கேட்டுக்கொள்வாள். போனைச் சரியாகப் பிடிக்கவில்லை, கூரைதான் தெரிகிறது என்பதில் ஆரம்பிப்பார். மத்தியானச் சாப்பாட்டை ஏன் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறாய், தலையை ஏன் குட்டையாக வெட்டிக்கொண்டாய் என்று போகும். தலைமுடி கொட்டியதை அவள் புது பேஷன் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் போன் சரிந்து, பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டியாம்மா, தூங்கினியாம்மா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவள் போனை மடியில் வைத்தாள்.

"அப்பா என்னத் திட்டவே இல்லைங்க," என்றாள். "சொல்லிட்டீங்களா?"

ஆமாம் என்றேன். இப்போது அவர் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார், அதற்குத்தானே வேண்டாம் என்றேன் என்று சொல்லி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் கிடையாது. அவளுக்கு அப்பா இருந்ததுபோலவே அவருக்கும் மகள் இருந்தாள்.

இரண்டாம் விண்ணப்பமும் வெற்றிபெறவில்லை. இதற்கும் காரணம் இல்லை. முதல் தடவை நோயைப் பற்றிப் பேச்சே இல்லாமல் அனுப்பிவிட்டு, அடுத்த தடவை சாகக் கிடக்கிறாள் என்று எழுதினால் யாருக்குமே சந்தேகம் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. மாமனாரிடம் சொன்னபோது அவர் கோபப்படவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இப்போது விஷயம் தெரிந்தும் வர முடியாமல் அங்கே இருந்தார். என் மனைவி எதற்குப் பயந்தாளோ அது அப்படியே நடந்தது.

எங்கள் தொகுதி எம்.பி. வாரத்தில் ஒரு மாலை புளோக்கின் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தளத்தில், மக்களைச் சந்தித்துக் குறை கேட்டு அலுவலகங்களுக்குக் கடிதம் கொடுப்பார். அதற்கு முன் நான் போனதே கிடையாது. கடன்காரர்களும் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டவர்களும் போகிற இடம் என்று எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. எண் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வாடகை வீடு கேட்டு ஒரு மலாய்க்காரப் பெண்மணி, போக்குவரத்து அபராதத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு சீன டாக்சி ஓட்டுநர். என் முறை வந்ததும் உதவிக்கு வந்திருந்த ஒரு தொண்டூழியப் பெண் மடிக்கணினியில் கடிதம் எழுதினாள். தமிழ்ப் பெண்தான். நடந்ததை எல்லாம் நடந்தபடியே சொல்லச் சொன்னாள். பால் காய்ச்சிய கதையையும் எழுதலாமா என்று கேட்டேன். அவள் எழுதினாள். அப்பாவிடம் மறைத்த காரணத்தால் முதல் விண்ணப்பத்திலும் மறைக்க வேண்டியதாயிற்று என்று ஒரு பத்தி போட்டாள். அந்தப் பத்தியில்தான் அனுமதி கிடைத்ததா, இல்லை வேறு எதிலாவதா என்று தெரியாது. மூன்றாம் முறை விசா வந்தது.

மாமனார் சாங்கி விமான நிலையத்தில் ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தார். கடவுச்சீட்டு சட்டைப் பையில் இருந்தது, அதை மூடி உள்ளங்கை. வீட்டுக்குப் போகலாமா என்றேன். மருத்துவமனைக்குப் போகலாம் என்றார். அவள் அதற்குள் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு மாறியிருந்தாள். இன்னும் ஒரு வாரம், கூடிப்போனால் இரண்டு வாரம் என்று அங்கே இருந்த மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பா வருகிறார் என்று அவள் காலையிலேயே தாதியிடம் சொல்லி, தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் காபி வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அந்த நாற்காலியை விட்டு அவர் அதிகம் நகரவில்லை. தினமும் காலையில் ஆங் மோ கியோவிலிருந்து நானும் அவரும் பேருந்தில் போவோம். கண்டக்டரும் இல்லை, செக்கரும் இல்லை, எல்லோரும் அட்டையைத் தட்டிவிட்டு ஏறுகிறார்களே, தட்டாமல் ஏறினால் யார் பிடிப்பது என்று முதல் நாள் கவலைப்பட்டார். அதை அவளிடம் போய்ச் சொன்னார், அவள் சிரித்தாள். ஆரஞ்சுச் சுளையின் தோலை நீக்கிக் கொட்டையை எடுத்து அவள் உதட்டில் வைப்பார். நான் கொடுத்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறவள், அவர் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். போகப் போகக் கஞ்சி குடித்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்தது. இரண்டு வாரம் தாண்டியது, மூன்று வாரம் தாண்டியது. அப்பா வந்ததில் உயிரைப் பிடித்துக்கொண்டாள் என்று தாதி சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவருடைய அனுமதி நாள் முடியப்போகிறது என்று நினைவுக்கு வருகிற வரைக்கும் சந்தோஷம்.

ஒரு முறை நீட்டித்துக் கொடுத்தார்கள். மறுபடி கேட்டபோது வெற்றிபெறவில்லை. மறுபடியும் வாய்ட் டெக்குக்கு ஓடினேன், கடிதம் போனது, பதிலுக்குக் காத்திருக்கும்போதே கடைசி வாரம் வந்துவிட்டது. நீங்கள் பேசாமல் இருங்கள் மாமா, நாள் கடந்தாலும் பரவாயில்லை, வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சூழ்நிலையில் சரி என்றிருப்பார்கள். அவர் தலையை ஆட்டினார். நான் எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், அவர்களும் ஆளுக்கொரு கதை சொல்லித்தான் இருப்பார்கள் என்றார். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் மாற மாட்டார் என்றும் தெரிந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் சிராங்கூன் சாலை அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். கூட்டம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பூக்கடைகள் ஓரமாக நடந்தோம். ஒரு கடையைத் தாண்டியதும் நின்றார்.

"உள்ள நின்னு என்ன கேட்டேன் தெரியுமா மாப்பிள்ளை?" என்றார். "நான் ஏறுறதுக்குள்ள அவ போயிடணும்னு கேட்டேன். பெத்தவன் கேக்கிற வரமா இது?"

நானும் உள்ளே அதையேதான் கேட்டேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் முறையாக. எங்களை உரசிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், பூக்கடைக்காரர் வழியை விட்டு நிற்கச் சொன்னார். அவள் அப்பாவும் அவள் புருஷனும், உலகத்தில் அவளுக்கு இருந்த இரண்டு பேரும், அன்று ஒன்றாகப் போய் அதைக் கேட்டுவிட்டு வந்தோம். எந்த அலுவலகமும் எங்களை அதைக் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தேதி கொடுத்தார்கள், அந்தத் தேதி எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த வரமும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அவர் அவளுக்குச் சுளை உரித்துக் கொடுத்தார், ஊருக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார். வந்துடுங்க என்றாள். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். விமான நிலையத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அதன் பிறகு அவள் எந்தச் சுளையையும் வாங்கவில்லை. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் நாற்காலியைப் பார்ப்பாள். அங்கே நான் உட்கார்ந்திருப்பேன். நான் என்று தெரிந்ததும் மறுபடி மூடிக்கொள்வாள். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது வலித்தது, வலித்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது. தினமும் காலை மாமனார் கூப்பிடுவார். வேறு எதுவும் கேட்க மாட்டார், "இருக்காளா?" என்பார். இருக்கிறாள் மாமா என்பேன். வைத்துவிடுவார். இப்படிப் பத்து நாளுக்கு மேல் போனது.

ஒரு நாள் அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். உடனே எடுத்தார். எப்போதும் கேட்பதைக் கேட்கவில்லை. அவள் போய்விட்டாள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரியத்துக்கு வருகிறீர்களா, இதற்கு விசா உடனே கொடுத்துவிடுவார்கள், நான் இப்போதே போடுகிறேன் என்றேன்.

"வேணாம் மாப்பிள்ளை," என்றார். "இனிமே யாரையும் கேக்க வேணாம்."